சோறு கொஞ்சம், வெஞ்சனம் நெறைய: நாம சொல்ற சாக்குக்குள்ள என்ன இருக்கு

மதுரையில சாப்பாட்டப் பத்திப் பேச்செடுத்தா ஒருத்தரும் சும்மா இருக்க மாட்டாங்க, எந்தக் கடையில கறி தோச நல்லாருக்கும், எங்க சால்னா கெட்டியா ஊத்துவாங்க, எந்தச் சந்துல ராத்திரி ஒரு மணிக்கும் சுடச்சுட இட்லி கெடைக்கும்னு ஆளாளுக்கு மனசுல ஒரு மேப்பே வச்சிருப்பாங்க. அதே ஆளுகிட்ட "டாக்டர் சாப்பாட்ட மாத்தச் சொன்னாரேண்ணே, என்னாச்சு"ன்னு கேட்டுப் பாருங்க, பேச்சு அங்கிட்டு இங்கிட்டுன்னு போயிரும். டைம் இல்லப்பா, விக்கிற வெலவாசியில எங்குட்டு, புள்ளைங்க தொடாதுங்க, எங்க தாத்தா இதத்தான் சாப்புட்டு தொண்ணூறு வயசு வர இருந்தாரு, அதான் மாத்திர போடுறேன்ல. இதயெல்லாம் கேட்டு வையிறவங்கதான் ஜாஸ்தி. எனக்கு வையிறதுல நம்பிக்கை கெடையாது. இதுல ஒவ்வொரு சாக்குக்குள்ளயும் பாதி உண்ம இருக்கு, அந்தப் பாதிய மொதல்ல ஒத்துக்கிட்டாத்தான் மிச்சத்தப் பத்தி பேசவே முடியும்.

விஷயம் எவ்வளவு பெருசுன்னு ஒரு பார்வை பாத்துருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுக்க எடுத்த பெரிய சர்வே முடிவு 2023ல வந்துச்சு. அதுல 10 கோடிப் பேருக்கு மேல சுகர், இன்னும் 13 கோடிப் பேருக்கு மேல சுகர் வரப்போற கட்டத்துல நிக்கிறாங்க, பெரியவங்கள்ல நூத்துக்கு 35 பேருக்கு பிபி. அடுத்த வருஷம், 2024 மே மாசம், ஹைதராபாத்துல இருக்க தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் புதுசா ஒரு உணவு வழிகாட்டி வெளியிட்டாங்க, நாட்டோட மொத்த நோய்ச் சுமையில 56.4 சதவீதம் சாப்பாட்டோட சம்பந்தப்பட்டதுன்னு அதுல சொல்றாங்க. பாதிக்கு மேல.

அந்த வழிகாட்டியில ஒரு நாளைக்கான தட்டுன்னு ஒரு கணக்கு இருக்கு, எல்லா வீட்டுலயும் பிரிட்ஜ் மேல ஒட்டி வைக்க வேண்டிய கணக்கு அது. 2000 கலோரி தேவப்படுற ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு, அரிசி கோதும கேப்ப எல்லாம் சேத்து 250 கிராம், வேக வைக்கிறதுக்கு முன்னாடி இருக்க எடை. பருப்பு, பயறு, முட்ட, கறி, மீன் இதெல்லாம் சேத்து 85 கிராம். காய்கறி, கீரை 400 கிராம். பழம் 100 கிராம். பால் இல்லன்னா தயிர் 300 மில்லி. கடல, எள்ளு மாதிரி 35 கிராம், எண்ண 27 கிராம். இப்ப இத நம்ம வீட்டுக்குக் கொண்டு வாங்க. நாலு பேரு இருக்க வீட்டுக்கு ஒரு நாளைக்குக் காய் மட்டும் ஒன்றரக் கிலோவுக்கு மேல வரணும். நம்மள்ல பல வீட்டுல நாலு பேருக்கு அரக் கிலோ கத்திரிக்காயோ கால் கிலோ பீன்ஸோ வாங்கி ஒரு பொரியல், அதுவும் ஆளுக்கு ரெண்டு கரண்டி. அரிசிப் பக்கம் பாத்தா காலையில இட்லி, மத்தியானம் குமிச்சு வச்ச சோறு, ராத்திரி தோச, மூணும் அரிசி, 250 கிராம்ங்குறது மத்தியானம் தாண்டுறதுக்குள்ள முடிஞ்சிரும். நம்ம பக்கத்துல சோத்துக்குத் தொட்டுக்கிறத வெஞ்சனம்னு சொல்லுவோம்ல, அந்த வெஞ்சனம் தட்டோட ஓரத்துல ஒரு பொட்டு மாதிரி இருக்கு. பிரச்சன மொத்தமும் அங்கதான் இருக்குன்னு நான் நெனைக்கிறேன். புதுசா ஒரு சாப்பாடு வாங்கிட்டு வரத் தேவயில்ல, இதே தட்டுல சோத்துக்கும் வெஞ்சனத்துக்கும் உள்ள அளவு மாறுனா முக்காவாசி வேல முடிஞ்சிரும். இதுக்குக் குறுக்க நிக்கிற சாக்கத்தான் ஒன்னொன்னா பாக்கப் போறோம்.

தாத்தா கததான் எல்லாத்துலயும் பலமானது, அதுனால அதுல இருந்தே ஆரம்பிப்போம். "எங்க அப்பச்சி மூணு வேளையும் சோறு, அதுவும் சட்டி நெறைய, ஒரு ஊசி போட்டதில்ல." சரி, ஆனா எந்தச் சோறு? 1895ல முல்லைப்பெரியாறு அணை வந்தப்புறம் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் தண்ணி பாஞ்சு நெல்லு விளஞ்சுச்சு, அங்க சோறு உண்டு. உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், தே.கல்லுப்பட்டின்னு மானாவாரி நிலம் இருக்க பக்கமெல்லாம் கேப்பக் களி, கம்மங்கூழு, சோளச்சோறு, குதிரவாலிச் சோறுதான், நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்கும், இல்லன்னா வீட்டுக்கு சம்பந்தகாரங்க வந்தா. பெரியவங்க இருந்தா இன்னைக்கும் கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க. சோறு சாப்புட்டவங்களும் கைக்குத்தல் அரிசி, புழுங்கல் அரிசின்னு சாப்புட்டாங்க. அதோட அந்த மனுசன் விடிய முன்ன கமல எறைக்கப் போயிருவாரு, ஏர் உழுவாரு, சந்தைக்கு நடந்தே போய் நடந்தே வருவாரு. அவரு தின்ன சோறு பொழுதுக்குள்ள கரைஞ்சிரும். நாம டிவிஎஸ்ல பால் வாங்கப் போறோம், பகல் பூரா கல்லாவுலயோ கம்ப்யூட்டர் முன்னாடியோ உக்காந்திருக்கோம்.

இன்னொன்னும் இருக்கு. நீண்ட நாள் இருந்த தாத்தாவத்தான் நாம பாத்தோம், நாப்பது வயசுல போன தாத்தாவ யாரும் பாக்கலையே, அவரப் பத்தி யாரு பேசுறது? சுதந்திரம் வந்த காலத்துல இந்தியாவோட சராசரி ஆயுசு 32 வயசுக்குப் பக்கத்துல, இன்னைக்கு 70ஐத் தொட்டிருக்கு. அது பெரும்பாலும் கொழந்தச் சாவும் தொத்து நோயும் கொறஞ்சதால வந்தது, அத மறைக்கக் கூடாது, ஆனா "அந்தக் காலத்துல எல்லாரும் திடமா இருந்தாங்க"ங்குற பேச்சுக்கு அது இடம் கொடுக்கல.

தீட்டுன அரிசி பத்தி ஒன்னு சொல்லணும், நம்ம மாநிலத்துக்கும் அதுக்கும் நெருங்குன தொடர்பு இருக்கு. மேல சொன்ன ஊட்டச்சத்து நிறுவனம் மொதல்ல ஹைதராபாத்துல இல்ல, 1918ல குன்னூர்ல ராபர்ட் மெக்காரிசன்ங்குற டாக்டர், பாஸ்டர் நிறுவனத்துல ஒரே ஒரு ரூம்ல பெரிபெரி நோயப் பத்தி ஆராய ஆரம்பிச்ச இடம் அது, 1958லதான் ஹைதராபாத்துக்கு மாறுச்சு. பெரிபெரி எதனால வருதுன்னா, வைட்டமின் பி1 கொறைவால. அந்த பி1 அரிசியோட தவிட்டுல இருக்கு, மில்லுல நல்லா வெள்ளையா தீட்டத் தீட்ட அது போயிரும். புழுக்குறப்ப தவிட்டுல இருக்க அந்தச் சத்து கொஞ்சம் அரிசிக்குள்ள எறங்கிரும், அதுனால புழுங்கல் அரிசி சாப்புட்ட ஊருல அந்த நோய் கம்மி. நூறு வருஷத்துக்கு முன்னாடியே தீட்டுன அரிசியால வந்த நோயப் பாத்து தொடங்குன நிறுவனம் இன்னைக்கும் அரிசியோட அளவப் பத்திப் பேசிக்கிட்டு இருக்குன்னா நாம கொஞ்சம் காது கொடுக்கலாம்.

அடுத்து காசு. இது வெறும் சாக்கு கெடையாது, இதச் சொல்றவங்கள எதுத்துப் பேசவே எனக்கு மனசு வராது. ரேசன்ல 2011 ஜூன்ல இருந்து அரிசி இலவசம், பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். பசி போனதுக்கு அந்த அரிசிதான் காரணம், அத யாரும் கொற சொல்லக் கூடாது. ஆனா அரிசி சும்மா வருது, காய்க்கும் பழத்துக்கும் கையில இருந்து காசு போகணும், அப்ப கூலி வேலைக்குப் போற வீட்டுல தட்டு எந்தப் பக்கம் சாயும்? சோத்துப் பக்கம்தான். இது அந்த வீட்டுக்காரங்களோட சோம்பேறித்தனம் கெடையாது, காசோட கணக்கு.

அதே நேரம் காசு இருக்க வீட்டுலயும் இதே பேச்சு வருதே, அங்கதான் விவரம் தேவப்படுது. ஆரோக்கியமான சாப்பாடுன்னா ஓட்ஸ், கினோவா, ஆலிவ் ஆயில், கிவி, டிராகன் பழம், டப்பாவுல வர்ற ஏதோ பவுடர்னு மனசுல பதிஞ்சு போச்சு, விளம்பரம் அப்புடிப் பதிய வச்சிருக்கு. அது எதுவும் வேணாம். 100 கிராம் கொய்யாவுல வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல, ஆப்பிள்ல 5 கிட்ட, ஆனா ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனா ஆப்பிள்தான் வாங்கிட்டுப் போறோம், பழநிப் பக்கம் ஆயக்குடியில இருந்து வர்ற கொய்யா ரோட்டோரம் கூடையில கெடக்கு. 100 கிராம் நெலக்கடலையில 25 கிராம் புரதம். தட்டப்பயறு, பாசிப்பயறு, கொள்ளு எத எடுத்தாலும் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல புரதம். ஒரு முட்டையில 6 கிராம், டீக்கடையில ஒரு வடையும் டீயும் சாப்புடுற காசுக்கு ரெண்டு முட்ட வாங்கிரலாம். கேப்பையில 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், பால்ல 120 கிட்டதான். முருங்கக்கீரைக்குக் காசே வேணாம் பல தெருவுல, பக்கத்து வீட்டு மரத்துல ரெண்டு கொப்ப ஒடிச்சுக்கிறேன்க்கான்னு கேட்டா யாரும் வேணாம்னு சொல்றதில்ல.

மதுரக்காரங்களுக்கு இன்னொரு வசதி இருக்கு. தமிழ்நாட்டுல மொத மொத உழவர் சந்த தொறந்ததே நம்ம அண்ணாநகர்லதான், 1999 நவம்பர் 14. விவசாயி நேரா கொண்டாந்து விக்கிறது, நடுவுல கமிஷன் கெடையாது, அன்னைக்கு வெல போர்டுல எழுதிப் போட்டிருப்பாங்க. காலையிலயே போயிரணும், அது ஒன்னுதான் செரமம். வாரத்துல ரெண்டு நாள் போனா போதும், கத்திரி, வெண்ட, சொரக்கா, பீர்க்கங்கா, புடலங்கான்னு நாட்டுக்காயா வாங்குனா அதே காசுக்கு எடை கூட வரும். எடுத்தவொடனே 400 கிராமுக்குப் போகணும்னு இல்ல, அரக் கிலோ வாங்குற வீடு ஒரு கிலோ வாங்குனாலே தட்டு மாறிரும். அந்தக் காசுக்கு எங்க போறதுன்னா எண்ணெயில பாருங்க. ஆளுக்கு நாளைக்கு 27 கிராம்னா நாலு பேரு வீட்டுக்கு மாசத்துக்கு மூணரை லிட்டர் கிட்ட. உங்க வீட்டு மளிகைச் சீட்டுல எத்தன லிட்டர் எழுதிருக்குன்னு எடுத்துப் பாருங்க, பண்டிக மாசம் வேணாம், சாதாரண மாசத்துச் சீட்டு. அஞ்சு ஆறுன்னு இருந்துச்சுன்னா அங்கயே காய்க்கான காசு இருக்கு. பாமாயில்ல பாதிக்குப் பாதி கெட்டிக் கொழுப்பு, கடலெண்ணெயில அஞ்சுல ஒரு பங்கு மாதிரிதான், அதுனால எண்ணெயக் கொறச்சு அந்தக் காசுல கடலெண்ண வாங்குனா இன்னும் நல்லது.

டைம் இல்லங்குறது யாரு சொல்றாங்கன்னு பாத்துத்தான் பதில் சொல்லணும். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில நிக்கிற பொண்ணு ராத்திரி பத்து மணிக்கு மேல பஸ் புடிச்சு ஊருக்குப் போயி, காலையில எந்திரிச்சு சமச்சு வச்சுட்டு ஓடி வருது, அதுகிட்ட போய் கீர ஆயலாம்லன்னு சொன்னா அது என்ன சொல்லும்? 2019ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேயில, வீட்டு வேல பாக்குற பொம்பளைங்க அதுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செலவழிக்கிறாங்க, ஆம்பளைங்கள்ல வீட்டு வேல பாக்குறவங்களே நாலுல ஒரு பங்கு, அவங்களும் 97 நிமிஷம். அதுனால வீட்டுல சாப்பாடு மாறணும்னா மொத மாத்தம் யாரு காய் நறுக்குறாங்கங்குறதுலதான். டைம் இல்லன்னு சொல்ற ஆம்பள ஒருத்தரு ராத்திரி நியூஸ் பாத்துக்கிட்டே பீன்ஸ் நறுக்கி டப்பாவுல போட்டு வச்சாருன்னா மறுநாள் காலையில அந்த வீட்டுல பொரியல் கூடும், இது எனக்கு நிச்சயமாத் தெரியும், இதுக்கு மேல இதுல ரகசியம் ஒன்னும் கெடையாது.

வேலயக் கொறைக்கிற வழியும் இருக்கு. முருங்கக்கீரைய ஆயிறதுதான் எல்லாருக்கும் மல மாதிரி தெரியும், அதக் கொப்போட ஒரு துணியில இறுக்கிச் சுத்தி ராத்திரி வச்சிருங்க, காலையில உதறுனா பாதி எல தானா உதுந்து கெடக்கும். பாசிப்பருப்பு குக்கர்ல ரெண்டு விசில், தொறந்து கீரையப் போட்டு அஞ்சு நிமிஷம், சின்ன வெங்காயம் ரெண்டு வரமொளகா தாளிச்சா முடிஞ்சுது, இது கீரையும் ஆச்சு பருப்பும் ஆச்சு. பயறு காலையில ஊறப் போட்டு ராத்திரி தண்ணிய வடிச்சு துணியில கட்டித் தொங்க விட்டா மறுநாள் மொளவிட்டுரும், அதுக்கு நம்ம நேரம் ரெண்டு நிமிஷம்தான் போகுது. இட்லி வேகுற நேரத்துலயே பக்கத்து அடுப்புல நாலு முட்ட வேகும். பச்சயா வெள்ளரிக்கா, கேரட், தக்காளி நறுக்கி வைக்கிறது சமையலே கெடையாது. அப்புறம் மாவு. மாவு அரச்சு பிரிட்ஜ்ல வச்சிருக்கதாலதான் ராத்திரி தோச சுடுறோம், அந்த மாவு மாதிரி ஒரு டப்பா சுண்டலும் வேகவச்சு ரெடியா இருந்துச்சுன்னா அஞ்சு தோச மூணு தோசயாயிரும். பசியில கைக்கு எது மொதல்ல ஆப்புடுதோ அதத்தான சாப்புடுறோம்.

புள்ளைங்க விஷயத்துல தாய்மாரு கண்ணு கலங்கிப் பேசுறதப் பாத்திருக்கேன், தட்டத் தள்ளி விட்டுட்டு பத்து ரூபா பாக்கெட்டக் கேட்டு அழுகுற புள்ளைய வச்சுக்கிட்டு என்ன செய்யிறது. கொழந்தைகளுக்குப் புதுக் காய் புடிக்கிறதுக்குப் பத்துப் பதினஞ்சு தடவ கூட கொடுக்க வேண்டி வரும்னு ஆராய்ச்சி சொல்லுது, நாம மூணாவது தடவையே இவனுக்கு இது ஆகாதுன்னு முடிவு பண்ணிர்றோம். திணிக்காம, கொஞ்சமா, அடிக்கடி வைக்கணும், அதோட வீட்டுல பெரியவங்க அத ரசிச்சு சாப்புடணும். அப்பா பாவக்காய ஓரமா ஒதுக்கி வச்சுட்டு மகன வையிறாருன்னா மகன் அப்பாவத்தான் பாப்பான். நாலு புள்ளைங்க சேந்து உக்காந்தா வீட்டுல தொடாத காயும் உள்ள போகும். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி முதலமைச்சர் காலை உணவுத் திட்டம் ஆரம்பிச்சது மதுரையில, சிம்மக்கல் பக்கம் ஒரு மாநகராட்சி ஆரம்பப் பள்ளியில, அங்க உப்புமா கிச்சடின்னு எத வச்சாலும் கூட காய்கறி போட்ட சாம்பார் இருக்கணும்னு மெனுவிலயே இருக்கு. வரிசையா உக்காந்து எல்லாரும் சாப்புடும்போது கேரட்ட எடுத்துப் போடுறதுக்கு புள்ளைங்களுக்கு நேரம் ஏது.

அப்புறம் பால்ல கலக்குற பவுடர். காய் சாப்புடலன்னா பரவாயில்ல, ஹெல்த் டிரிங்க் குடிக்கிறான்லன்னு மனசத் தேத்திக்கிறோம். நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல ஹெல்த் டிரிங்க்ன்னு ஒரு வகையே கெடையாது, அந்தத் தலைப்புக்குக் கீழ இந்த மாதிரி பானத்த விக்காதீங்கன்னு 2024 ஏப்ரல்ல மத்திய அரசு ஆன்லைன் கம்பெனிகளுக்குச் சொல்லுச்சு. டப்பாவத் திருப்பி சர்க்கர எத்தன கிராம்னு பாருங்க, எழுத்து சின்னதாத்தான் இருக்கும்.

சர்க்கரைன்னதும் டீ ஞாபகம் வருது. ஒரு நாளைக்கு சர்க்கர மொத்தமா 25 கிராமுக்குள்ள இருக்கணும். கடை டீயில ரெண்டு ஸ்பூன்னா 8, 10 கிராம் வந்துரும், நாலு டீ குடிக்கிற ஆளு வேற எந்த இனிப்பும் தொடாமலே அளவத் தாண்டிர்றாரு. "தம்பி, சீனி கம்மியா"ன்னு ஒரு வார்த்த, மாஸ்டர் போட்டுத் தருவாரு. ஜிகர்தண்டாவ நான் வேணாம்னே சொல்ல மாட்டேன், அது வெளியூர்ல இருந்து மச்சான் வந்தா வாங்கிக் கொடுக்கிறது, அன்னாடம் குடிக்கிறது கெடையாது.

வெளிய சாப்புடுறவங்க சொல்றது, "எங்களுக்கு சாய்ஸே இல்ல." மாட்டுத்தாவணியில லாரிக்கு லோடு எறக்குறவரு, நைட் டூட்டி நர்ஸ், மெஸ்ஸ நம்பி இருக்க காலேஜ் பசங்க, இவங்களுக்கு வீட்டு அடுப்பு கைக்கு எட்டாது. ஆனா சாய்ஸ் கொஞ்சம் இருக்கு. மத்தியானம் மெஸ்ல சாப்பாடுன்னா ரெண்டாவது தடவ சோறு வாங்குறதுக்குப் பதிலா "அண்ணே, கூட்டு கொஞ்சம் வைங்க"ன்னு கேக்கலாம், பெரும்பாலும் முகம் சுளிக்காம வைப்பாங்க. சாப்புடுறப்பவே காயையும் பருப்பையும் மொதல்ல சாப்புட்டுட்டு சோத்துக்கு அப்புறமா போனா சுகர் ஏறுற வேகம் கொறையுதுன்னு ஆய்வுகள்ல பாத்திருக்காங்க, இதுக்குக் காசும் வேணாம் நேரமும் வேணாம். ராத்திரி இட்லிக்கடையா பரோட்டாக் கடையான்னா இட்லி. பரோட்டாதான் வேணும்னா நாலு வேணாம், ரெண்டு, கூட ஒரு ஆம்லெட்டோ ஆப்பாயிலோ, சால்னாவ மேல மெதக்குற எண்ணெய ஒதுக்கி ஊத்திக்கலாம்.

பரோட்டாவுக்கு எதிரா வாட்ஸ்அப்ல ஒன்னு சுத்துது, மைதாவுல அலாக்சான்னு கெமிக்கல் இருக்கு, அதுனாலதான் சுகர் வருதுன்னு. அலாக்சான எலிக்கு ஊசியாப் போட்டு சுகர் வரவைக்கிறது உண்ம, ஆனா பரோட்டா வழியா மனுசனுக்கு அப்புடி வருதுன்னு நிரூபணம் கெடையாது. அந்தப் பயமுறுத்தல் தேவயே இல்ல, நெசமான காரணமே போதும். தவிடும் முளையும் நீக்குனதால நார்ச்சத்து போயிருது, எண்ண கொட்டி அடிக்கிறாங்க, சீக்கிரம் உள்ள எறங்கிரும், அத ராத்திரி பதினொரு மணிக்கு நாலஞ்சு சாப்புட்டு நேரா படுக்கப் போறோம். பஜ்ஜி, போண்டாக் கடையில பாக்க வேண்டியது எண்ணெயோட நெறம். திரும்பத் திரும்ப காய்ச்சுன எண்ணெயில உண்டாகுற வேண்டாத பொருள் 25 சதவீதத்தத் தாண்டுனா அந்த எண்ணெயப் பயன்படுத்தவே கூடாதுன்னு 2018ல இருந்து விதி இருக்கு, கறுத்து நொரச்சுப் போயிருந்தா அந்தக் கடைய விட்டு வந்துருங்க.

இப்ப மாத்திர. இதுலதான் எனக்கு ரொம்பக் கவல. "மாத்திர போடுறேன்ல, சாப்புட்டா என்ன"ங்குறது ஆபத்தான சாக்கு, ஏன்னா அதச் சொல்றவங்க ஏற்கனவே நோயோட இருக்கவங்க. மாத்திரைக்கும் அளவு இருக்கு, சாப்பாடு கூடக் கூட மாத்திர கூடிக்கிட்டே போயி கடைசியில ஊசியில நிக்கும், கண்ணு, கிட்னி, காலுன்னு பாதிப்பு சத்தமில்லாம நடக்கும். இதுக்கு நேர் எதிரா இன்னொரு கூட்டம், சுகர்னு தெரிஞ்ச அன்னைக்கே ராத்திரி சப்பாத்திக்கு மாறிட்டு நிம்மதியா இருக்காங்க. நாலு சப்பாத்தி, தொட்டுக்க உருளக்கிழங்கு குருமா. அது என்ன வித்தியாசம் பண்ணும்? 2025ல, மொதல்ல சொன்ன சுகர் சர்வேய எடுத்த அதே ஆய்வுக் குழு சாப்பாட்டப் பத்தித் தனியா ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, நாம எடுத்துக்குற கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்துல இருந்து வருது, அரிசிய எடுத்துட்டு அந்த இடத்துல கோதுமையோ சிறுதானியமோ வைக்கிறதால மட்டும் சுகர் ஆபத்து கொறையல, மொத்த மாவுச்சத்தக் கொறச்சு அந்த இடத்துல பருப்பு, பயறு, பால், தயிர் மாதிரி புரதம் வந்தாத்தான் கொறையுதுன்னு அதுல வந்திருக்கு. சோத்துக் குமியோட இடத்துல சாமச் சோத்துக் குமி வச்சா அதுவும் குமிதான். வெல்லம் போட்ட தினைப் பணியாரமும், சீனி போட்ட கேப்ப மால்ட்டும் இதே கணக்குதான். சிறுதானியம் நல்லது, நார்ச்சத்து இருக்கு, மானாவாரி விவசாயிக்கும் நல்லது, நம்ம மதுர வேளாண் கல்லூரியில இருந்தே ஒரு குதிரவாலி ரகம் வந்திருக்கு, தாராளமா வாங்குங்க, ஆனா அளவு அளவுதான்.

ஒரு எச்சரிக்க மட்டும். சுகருக்கு மாத்திரயோ இன்சுலினோ எடுக்கிறவங்க திடுதிப்புன்னு சோத்தப் பாதியாக் கொறச்சா சுகர் ரொம்ப எறங்கி மயக்கம் வந்துரும், டாக்டர்கிட்ட சொல்லிட்டு, மாத்திர அளவக் கேட்டுக்கிட்டு கொறைக்கணும். கிட்னிப் பிரச்சன இருக்கவங்களுக்குப் பருப்பு, கீரை, பழம் எல்லாத்துக்கும் வேற கணக்கு, அவங்க இதப் படிச்சுட்டு தாங்களா எதுவும் மாத்த வேணாம்.

ருசி போயிரும்ங்குற பயம் மதுரையில ரொம்ப நியாயமானது. ஆனா நல்ல சாப்பாடுன்னா பத்தியச் சாப்பாடுன்னு யாரு சொன்னா? மொளகு, சீரகம், பூண்டு, இஞ்சி, கருவேப்பில, மல்லி எதயும் யாரும் கொறைக்கச் சொல்லல. கொறைக்க வேண்டியது உப்பு, ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன், அதுக்குள்ள ஊறுகா, அப்பளம், மோர் மொளகா, வத்தல், கருவாடு எல்லாம் அடங்கணும். படிப்படியா கொறச்சா சில வாரத்துல நாக்கு பழகிரும், அப்புறம் பழைய உப்பு போட்டா கரிக்கும். தட்டுல வெஞ்சனம் கூடணும்னா வெஞ்சனம் ருசியா இருந்தே ஆகணும், அதுனால பீர்க்கங்காக் கூட்டுக்குக் கொஞ்சம் தேங்கா அரச்சு விடுறது, கத்திரிக்காய சுட்டுப் பெசையிறது, கொள்ள வறுத்து அரச்சு ரசம் வைக்கிறதுன்னு மெனக்கெடணும். நம்ம ஊரு ஆச்சிமாரு கையில இதெல்லாம் இன்னும் இருக்கு.

சித்திரத் திருவிழா முடியட்டும், ஆடி முடியட்டும், தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து முடியட்டும்னு தள்ளிப் போடுறவங்களுக்கு ஒன்னே ஒன்னு. விருந்து நாள்ல நல்லா சாப்புடுங்க, கறி விருந்துல எலையப் பாத்து பயப்பட வேணாம். வருஷத்துல மிச்சம் இருக்க சாதாரண நாள்ல, செவ்வாக்கிழம மத்தியானம் தட்டுல என்ன இருக்குங்குறதுதான் ஒடம்புல நிக்கும்.

கடைசியா வயசானவங்க. "எனக்கு இனிமே என்னத்தா, இருக்குற வர சோத்தத் தின்னுட்டுப் போறேன்"னு அம்மாச்சி சொன்னா நாமளும் சரின்னு விட்டுர்றோம், ரசஞ்சோறும் மோர்சோறும் மட்டும் கொடுக்குறோம், பல்லு இல்ல, வேற எறங்காதுன்னு. ஆனா வயசாக ஆக தச கரையிறது வேகமாகும், அந்த வயசுலதான் புரதம் கொறையக் கூடாது, கொறஞ்சா எந்திரிச்சு நடக்குற தெம்பு போயி ஒரு நாள் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு ஒடையுறதுல கொண்டு போய் விடும். பல்லுக்கு ஏத்த மாதிரி பண்ணிரலாம். பாசிப்பருப்பக் கொழைய வேகவச்சு கீரையோட மசிச்சுக் கொடுங்க, முட்டைய அவிச்சு சோத்துல பெசஞ்சு கொடுங்க, முள்ளு இல்லாத மீன உதுத்துக் கொடுங்க, கடலைய வறுத்துப் பொடியாக்கி கூழுல கலந்து கொடுங்க, தயிர் ஒரு கிண்ணம், கனிஞ்ச பப்பாளி நாலு துண்டு. அதோட ஒரு நாள் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, பல் செட்டு வச்சுட்டாங்கன்னா அம்மாச்சியே சுண்டல் கேப்பாங்க.